மருந்து கேட்டது, நான் கேட்கவில்லை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பார்மசிஸ்டுகளுக்கு உங்கள் இருபத்தாறு வருட அனுபவத்தை நாலு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள் என்று நம் கடை முதலாளி கேட்டார். முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஒன்றுபோல இருக்கும் அட்டைப்பெட்டிகளை எப்படிப் பிரித்து வைப்பது, டாக்டர் கையெழுத்து புரியாவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் அதில் இருந்தது. அவை உங்களுக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். உண்மையில் என்னிடம் சொல்வதற்கு ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. அதையும் கோவையாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. எங்கே ஆரம்பித்தாலும் என் மகளிடம் போய் நிற்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிரிப்பான இடத்தில் ஆரம்பிக்கிறேன். நான் கவுண்டரில் நின்ற முதல் மாதம், கீரனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்து பூச்சி மாத்திரை கேட்டார். எதற்கெடுத்தாலும் எனக்குப் பயமாக இருந்த காலம். எல்லாவற்றையும் கேட்பேன்.

"யாருக்குங்கய்யா?"

"வீட்டுல ஒருத்திக்குங்க."

"வயசு?"

"மூணு வருசமாகுதுங்க."

"எடை எவ்வளவு இருக்கும்?"

அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். "ஒரு இருநூறு கிலோ தேறுமுங்க. நேத்துக்கூடத் தீவனம் வைக்கப் போனேன், ஒரே முட்டுல தள்ளிப்போட்டாளுங்க."

செவலைக் கிடாரி. கடையே சிரித்தது. அவருக்கு நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்றே புரியவில்லை. "ஏனுங்க, மாட்டுக்குன்னா குடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, கால்நடை மருத்துவமனைக்கு வழி விசாரித்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு பல வருடங்கள், "யாருக்கு?" என்று கேட்காமல் நான் ஒரு மாத்திரையும் வெட்டிக் கொடுத்ததில்லை. நம் கடைக்கு நோயாளி வருவது குறைவு. நோயாளி வீட்டில் படுத்திருப்பார். வருவது மருமகள், பக்கத்து வீட்டுக்காரர், வேலை முடிந்து பஸ் ஏறப்போகிற மகன். வந்தவர் முகத்தைப் பார்த்து நோயை யூகிக்க முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பிறகு எப்போது அந்தக் கேள்வியை விட்டேன்? எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை. ஒரு நாளில் விடவில்லை. வரிசை நீண்டது, முகங்கள் பழகின, கைக்கு வேகம் வந்தது. ஒரு கட்டத்தில் ஆட்கள் பாதி வாக்கியம் சொல்லும்போதே என் கை அலமாரிக்குப் போய்விடும். "அக்கா கைராசி" என்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

"யாருக்கு" போன இடத்தில் வேறொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. "மருந்து கேட்டுச்சா?" நம் ஊரில் மருந்து குணம் காட்டினால் 'கேட்குது' என்றுதானே சொல்வோம். திரும்ப வந்தவரிடம் அதைக் கேட்பேன். "நல்லாக் கேட்டுச்சுக்கா" என்று பதில் வந்தால் அதையே இன்னொரு தடவை கொடுப்பேன். மருந்து கேட்டதா என்று கேட்டேன். மற்ற எதையும் கேட்கவில்லை.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். மகள் ஜெனி, கல்லூரியில் இரண்டாம் வருடம். எங்கள் பங்குக் கோயில் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கும் பிள்ளை. குரல் கணீரென்று இருக்கும். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தின வாரம் தோழிகளோடு மதுரைக்குப் போய்வந்தாள். அன்றிலிருந்து அதிகம் பேசுவதில்லை. வாசகத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. "தொண்டை கட்டிருக்கும்மா" என்றாள். காரமாக எதையும் தொடவில்லை. தயிர்ச்சோறு, ரசத்தைக்கூட ஆற வைத்து, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாமல். தவக்காலத்து முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா வேலை முடிந்து பிரியாணி வாங்கி வந்தார். திண்டுக்கல்லில் பிறந்த பிள்ளை பிரியாணிப் பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கையாட்டிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

"என்னடி இது? அம்புட்டு வாசத்தையும் இழுத்துட்டு வேணாங்குறா" என்றார் அவர்.

"தவக்காலம்ல. கறி தொடாம சுத்தபோசனம் இருக்கா பிள்ளை."

"ஞாயித்துக்கிழமைக்கு என்ன சுத்தபோசனம்?"

"நேர்ந்திருப்பா. நீங்கதான் வெள்ளிக்கிழமைகூட ஆம்லேட் கேக்குற ஆளு."

"கன்னியாஸ்திரி மடத்துல சேரப்போறாளோ என்னமோ. பாத்துக்க, அப்புறம் நீயும் நானுந்தான்."

அவர் கேலியாகச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் திக்கென்றது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. என் பிள்ளை நாற்பது நாளும் வாயைக் கட்டுகிறாள் என்று கூட வேலை பார்க்கும் கார்த்திகாவிடம் சொன்னேன். கார்த்திகாவை உங்களுக்குத் தெரியும். இப்போது உங்களுக்கு வேலை பழக்குகிற அதே கார்த்திகாதான். கன்னிவாடியிலிருந்து காலை பஸ்ஸில் வருபவள். அப்போது சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

அதே வாரம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். கல்லூரி வயது, வடமதுரைப் பேச்சு, தோளில் பை. முன்பின் பார்த்த முகமில்லை.

"அக்கா, வாய்ப்புண்ணுக்கு ஏதாச்சும் குடுங்கக்கா. அவங்களுக்கு நாக்கு வீங்கிருக்கு. சாப்புட முடியல."

பக்கத்தில் நின்ற கார்த்திகா கேட்டாள். "யாருக்குங்க? வயசு என்ன? எத்தன நாளா இருக்கு?"

அந்தப் பெண் விழித்தாள். நான் குறுக்கே போனேன். "கார்த்திகா, பின்னாடி ஆறு பேரு நிக்கிறாங்க. வாய்ப்புண்ணுக்கு ஜாதகமா பாக்கப்போற?" வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார். கார்த்திகா முகம் சிவந்து பில் போடப் போய்விட்டாள்.

எனக்கு எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண் 'அவங்களுக்கு' என்றாள். 'அவங்க' என்றால் பெரியவர்கள். பெரியவர்கள் என்றால் பல்செட்டு. பல்செட்டு உராய்ந்து நாக்கு புண்ணாகியிருக்கிறது. ஒரே ஒரு மரியாதை விகுதியை வைத்துக்கொண்டு ஒரு முழு நோயாளியையே மனதுக்குள் உருவாக்கிவிட்டேன். ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக், புண்ணில் தடவ ஒரு பேஸ்ட். அந்தப் பேஸ்டில் ஸ்டீராய்டு உண்டு. கவரில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் சீட்டு இல்லை. சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது என்பது உங்களைப்போலவே எனக்கும் தெரியும். ஊர் வழக்கம் என்று இங்கே சாக்குச் சொல்ல மாட்டேன்.

அடுத்த வாரம் வந்தாள்.

"கேட்டுச்சாம்மா?"

"நல்லாக் கேட்டுச்சுக்கா. ரெண்டே நாள்ல வீக்கம் பாதி வத்திருச்சு. இன்னொரு தடவ வாங்கிட்டு வரச் சொன்னாங்க." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா நாக்குல வெள்ள வெள்ளயா இருக்குக்கா."

"அது பேஸ்ட்டும்மா. அப்பிக்கிட்டு நிக்கும். பஞ்ச வச்சுத் துடைச்சா வந்துரும்."

கொப்பளிக்க மவுத்வாஷும் சேர்த்துக் கொடுத்தேன். எத்தனை தடவை என்று அவள் கேட்டாள். "அடிக்கடி கொப்பளிக்கச் சொல்லு, நல்லதுதான்" என்றேன். இந்த 'அடிக்கடி'யை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தடவை வந்தபோது என்னைப் பாராட்டவே செய்தாள்.

"நீங்க சொன்னது சரிதான்க்கா. துடைச்சா வந்துருது. அடியில மட்டும் செவப்பா இருக்கு, லேசா ரத்தம் கசியுது."

இதில் முதல் பாதிதான் என் காதில் விழுந்தது. துடைத்தால் வருகிறது. அப்படியென்றால் பேஸ்ட்தான். நான் சொன்னது சரி. பூஞ்சையும் துடைத்தால் வரும், வந்த இடம் சிவந்து ரத்தம் கசியும் என்று படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியிருக்கிறேன், மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அது எங்கே போயிற்று? கார்த்திகாவுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, பேஸ்ட்டுக்கு அடியில எதுக்கு ரத்தம் வரணும்?"

"அழுத்தித் துடைச்சிருப்பாங்க."

"இல்லக்கா, ஆளை ஒரு தடவ கூட்டிட்டு வரச் சொன்னா..."

"வயசானவங்கள எதுக்கும்மா பஸ்ஸுல இழுத்தடிக்கணும்?"

கார்த்திகா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஒரு நிமிடம் ஏதோ சொல்ல வந்தவள்போல இருந்தாள். நான் கவரை நீட்டினேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

குருத்து ஞாயிறு அன்று கோயிலில் கூட்டம். ஜெனி எனக்கு முன்னால் வரிசையில் போனாள். எப்போதும் நாங்கள் நற்கருணை அப்பத்தை நாக்கில்தான் வாங்குவோம். அன்று அவள் இரண்டு கையையும் குவித்து வாங்கினாள். வாயில் போட்டுக்கொண்டு திரும்பியபோது கண்களில் நீர் வழிந்தது. நாக்கில் வாங்கத் தனக்குத் தகுதியில்லை என்று நினைக்கிறாளோ, இந்த வயதில் இப்படி ஒரு தாழ்ச்சியா என்று எனக்கும் கண் கலங்கிவிட்டது. பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று அழுதோம். ஒருத்தி எரிச்சல் தாங்காமல், இன்னொருத்தி பெருமை தாங்காமல்.

மறுநாள் திங்கட்கிழமை. முற்பகல், கடையில் கூட்டம் தொடங்கும் நேரம். அந்தப் பெண் ஸ்கூட்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே ஓடி வந்தாள். அன்று அவள் எதையும் வாங்க வரவில்லை.

"அக்கா, வாயவே தொறக்க முடியல. தண்ணி எறங்க மாட்டேங்குது. ஒடம்பு கொதிக்குது."

கார்த்திகா என்னை முந்திக்கொண்டாள். இந்தத் தடவை என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. "யாருக்கு? எங்க இருக்காங்க இப்ப?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

"அக்கா... உங்க ஜெனிக்குத்தான்."

எனக்கு உடனே புரியவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்குத் தெரிந்த வேறு ஜெனி யாராவது உண்டா என்றுதான் முதலில் தேடினேன். பல்செட்டுப் போட்ட, வயதான ஒரு ஜெனி. ஐந்து வாரமாக என் தலைக்குள் இருந்த நோயாளி எழுந்து போக மறுத்தார். கார்த்திகாதான் என் வெள்ளைக் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு, "கெளம்புங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது அந்தப் பெண் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பெயர் தமிழரசி. ஜெனியோடு படிக்கிறாள். மதுரைக்குப் போனபோது ஜெனி நாக்கில் கம்பி குத்திக்கொண்டாள். "கூடப் போன நாங்க ரெண்டு பேரும் காது மடல்லதான் குத்துனோம்க்கா. அவ மட்டும் நாக்குலதான்னா. வெளிய தெரியாது, வீட்ல கண்டுபிடிக்க மாட்டாங்கன்னா." நான் கேட்டேன், வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை: "பெறகு ஏன்டி 'அவங்க அவங்க'ன்ன?"

"அவன்னு சொன்னா வயசுப்பிள்ளன்னு தெரிஞ்சிரும்ல. ஜெனிதான் அப்புடிச் சொல்லச் சொன்னா."

வீட்டில் ஜெனி சுவரோரம் உட்கார்ந்து ஒரு கிண்ணத்தில் எச்சிலைத் துப்பிக்கொண்டிருந்தாள். விழுங்க முடியவில்லை. என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை விலக்கி, டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது. நாக்கு முழுக்கத் திரிந்த பால்போல வெள்ளை. உள் கன்னத்திலும் அண்ணத்திலும் அதே வெள்ளை. நடுவில் கம்பி முனையின் ஒரு சின்னக் குண்டு, அதைச் சுற்றி இருப்பது நாக்கா புண்ணா என்று தெரியவில்லை. நாக்குக்கு அடியில் இருக்க வேண்டிய இன்னொரு குண்டு கண்ணுக்கே தெரியவில்லை. வீங்கிய சதைக்குள் அமிழ்ந்திருந்தது.

இருபத்தாறு வருடம் மருந்துகளுக்கு நடுவில் நின்றவள் அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? அதைப் பிடுங்கி எறிய வேண்டும். அது மட்டும்தான். அந்தக் குண்டு போய்விட்டால் இந்த ஐந்து வாரமும் போய்விடும் என்பதுபோல. விரலைத் துடைத்துக்கொண்டு உள்ளே விட்டேன். ஜெனி தலையைப் பின்னுக்கு இழுத்துச் சுவரில் மோதிக்கொண்டாள். அந்த நேரத்தில் போன் அடித்தது. கார்த்திகா.

"அக்கா, மூச்சு விட முடியுதா?"

"முடியுது."

"குப்புறச் சாஞ்சாப்ல உக்காந்திருக்காளா, நேரா இருக்காளா?"

"நேராத்தான்."

"கழுத்து வீங்கிருக்கா? தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். இல்லை.

"அத இழுத்துக்கிட்டு இருக்காதீங்க. அப்புடியே கூட்டிட்டுப் போங்க. பல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுட்டேன். மூச்சு திணறுனா மட்டும் அங்க போகாம நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க. குடுத்த கவரு, பேஸ்ட்டு, மவுத்வாஷு எல்லாத்தையும் எடுத்துக்கங்க. அக்கா, கேக்குதா?"

கேட்டது. ஐந்து மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்த பெண் என்னிடம் கேட்ட அந்த மூன்று கேள்விகளும் மூன்று கைகள்போல என்னைத் தூக்கி நிறுத்தின. பதில் சொல்வதற்காக நான் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்ததால் கை நின்றது. நெருக்கடியில் நிதானமாக இருங்கள் என்று உங்களுக்கு யாராவது சொன்னால், அது எப்படி என்று எனக்குத் தெரியாது. எனக்கு நிதானம் வரவில்லை. யாரோ கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான்.

கிளம்பும் முன் ஜெனி தன் போனில் எதையோ தட்டச்சு செய்து என்னிடம் நீட்டினாள். திட்டாதே என்று இருக்கும் என நினைத்தேன். வேறு இருந்தது.

'வேற கடைல வாங்க பயமா இருந்துச்சு. நீ குடுத்தா சரியா இருக்கும்னு நெனச்சேன்.'

அதை நான் இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை எழுத்து தெரியவில்லை.

பல் டாக்டரம்மா என் வயதுதான் இருப்பார். மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரம் பாடுபட்டுக் கம்பியை எடுத்தார். வெள்ளையைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். வயதுப் பெண்ணுக்கு வாயில் இவ்வளவு பூஞ்சை வந்தால் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று ரத்தமும் எடுக்கச் சொன்னார். பிறகு மேஜைமேல் நான் வைத்த கவர்களைப் புரட்டினார்.

"இதெல்லாம் யாரு குடுத்தது?"

கவரில் என் கையெழுத்து. காலை 1, இரவு 1. ஒன்றுக்குக் கீழே நான் எப்போதும் போடும் சின்னக் கோடு உட்பட.

"நான்தான்."

"நீங்க இவங்க அம்மான்னீங்க?"

"மெடிக்கல்லயும் நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நாக்குல குத்திருக்கான்னு தெரிஞ்சேவா ஸ்டீராய்டு பேஸ்ட் குடுத்தீங்க?"

தெரியும் என்றால் நான் என்ன அம்மா? தெரியாது என்றால் யாருக்கென்று தெரியாமலே மூன்று தடவை மருந்து கொடுத்த நான் என்ன பார்மசிஸ்ட்? இரண்டில் எது குறைந்த வெட்கம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பக்கத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜெனி, எனக்குப் பதிலாகத் தலையை ஆட்டினாள். தெரியாது என்று. என்னைக் காப்பாற்றத்தான் ஆட்டினாள். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. பொறுமையாகச் சொன்னார். எல்லோருடைய வாயிலும் கொஞ்சம் பூஞ்சை இருக்கத்தான் செய்யும். மற்றக் கிருமிகள் அதைப் பெருக விடாமல் வைத்திருக்கும். நாக்கில் ஓட்டை போட்டுக் கம்பி நுழைத்தால் அது ஆறாத புண். அந்தக் கம்பிமேல் வழவழவென்று ஒரு படலம் படியும். அதற்குள் பூஞ்சை பத்திரமாக ஒட்டிக்கொள்ளும், வெறுமே வாய் கொப்பளித்தால் போகாது. ஆன்டிபயாடிக் காவலுக்கு இருந்த கிருமிகளைக் கொன்றது. அடிக்கடி கொப்பளித்த மருந்துத் தண்ணீர் மிச்சத்தையும் கழுவிவிட்டது. ஸ்டீராய்டு வீக்கத்தை வற்ற வைத்தது, கூடவே உடம்பின் எதிர்ப்பையும் அந்த இடத்தில் படுக்க வைத்தது.

"அப்ப இது எதுனால வந்துச்சு டாக்டர்? கம்பியாலயா, மருந்தாலயா?"

"எல்லாம் சேந்துதாம்மா. தனியா ஒண்ணக் கை காட்ட முடியாது."

எனக்கு ஒன்றைக் கை காட்ட வேண்டியிருந்தது. கம்பி என்றால் ஜெனியைத் திட்டலாம். மருந்து என்றால் என்னைத் திட்டிக்கொள்ளலாம். எல்லாம் சேர்ந்து என்றால் என்ன செய்வது? வீட்டுக்குப் போனபின் அவள் அப்பா கேட்டார், "இப்ப யாரடி வையிறது நானு?" நான் தெரியவில்லை என்றேன். கடைசியில் அவர் மதுரைக்குப் போன பஸ்ஸை வைதார்.

பரிசோதனையில் பூஞ்சைதான் என்று வந்தது. சர்க்கரை இல்லை. இரண்டு வாரம் வாயில் ஊற்றி வைத்திருந்து விழுங்கும் பூஞ்சை மருந்து. முதல் மூன்று நாள் சொட்டுச் சொட்டாக இளநீர். பெரிய வெள்ளிக்கு ஊரே ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்தபோது எங்கள் வீட்டில் நான் அவளைச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஓட்டை தானாகவே தூர்ந்துவிட்டது. நாக்கில் ஒரு சின்னக் குழி மட்டும் இருக்கிறது.

இனி நீங்கள் என்னிடமிருந்து எதிர்பார்க்கும் பாடம். நாக்கில், உதட்டில், கன்னத்தில் கம்பியோ வளையமோ போட்டிருக்கிறீர்களா என்று வாய்ப்புண்ணுக்கு மருந்து கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அவருக்கா வேறு யாருக்காவதா என்று அதற்கு முன்னால் கேளுங்கள். வெள்ளையாக இருக்கிறது என்று சொன்னால், துடைத்தால் வருகிறது என்று சொன்னால், அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு டாக்டரிடம் அனுப்புங்கள். சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள். மருந்து கேட்டது என்று திரும்பி வருகிறவரைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன், எது கேட்டது, எது கேட்கவில்லை என்று பாருங்கள். இவையெல்லாம் சரி. ஆனால் இவற்றை எல்லாம் நான் ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தேன். அதுதான் என்னைக் குழப்புகிறது. எனக்குத் தெரியாத ஒன்றைச் செய்து நான் தவறவில்லை. பதில் என்னிடம் தயாராக இருந்தது, அதனால் கேள்வியே வரவில்லை. கடையிலும் அப்படித்தான். வீட்டிலும் அப்படித்தான்.

ஜூன் மாதம் கவுண்டரை விட்டுவிட்டேன். ஐம்பத்தொரு வயதில் எதற்கு ஓய்வு என்று முதலாளி கேட்டார். கை ஓடவில்லை என்றேன். உண்மைதான். யாராவது பாதி வாக்கியம் சொன்னால், அலமாரிக்குப் போகிற கை பாதியிலேயே நின்றுவிடுகிறது. எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனையா, வெறும் பயமா என்று இன்னும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடைசி நாள் கார்த்திகாவிடம் மன்னிப்புக் கேட்டேன், அன்றைக்கு ஜாதகம் என்று கேலி செய்ததற்கு. "அத விடுங்கக்கா, இப்ப ஊரே என்னய ஜாதகக்காரின்னுதான் கூப்புடுது" என்று சிரித்தாள். இன்று நீங்கள் அவளை அப்படிக் கூப்பிட்டால், அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நற்கருணை விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். நடந்ததையெல்லாம் பிறகு உட்கார்ந்து யோசித்தபோது, எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. ஒரு அடையாளமாவது என் கண்ணில் பட்டதே, அர்த்தம் தப்பாகப் போனாலும் பிள்ளை கையில் வாங்கியதைக் கவனித்தேனே என்று. போன மாதம் ஒரு ஞாயிறு. ஜெனி முழுக்கத் தேறிவிட்டாள், வாசகம் வாசித்தாள், என்னோடு வரிசையில் வந்தாள். மறுபடியும் இரண்டு கையையும் குவித்து வாங்கினாள்.

திரும்பவும் புண்ணா என்று பயந்தேன். பூசை முடிந்து வாசலுக்கு வரும்வரை பொறுத்தேன். பழைய நானாக இருந்தால் எனக்குள்ளேயே ஒரு பதிலை எழுதி மூடியிருப்பேன். இந்தத் தடவை கேட்டேன்.

"ஜெனி, நாக்கக் காட்டு. ஏன்டி கையில வாங்குன?"

கோயில் வாசலில், அத்தனை பேர் நடுவில் அவள் நாக்கை நீட்டிக் காட்டினாள். சுத்தமாக, சிவப்பாக இருந்தது. பிறகு என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"என்னம்மா கேக்குற? கொரோனாவுலருந்து நான் கையிலதானே வாங்குறேன். நீ பாத்ததே இல்லையா?"